45 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டை எப்படி இவ்வளவு லேசாகக் கட்ட முடிந்தது?

புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. (Giant Metrewave Radio Telescope) என்ற ரேடியோ தொலைநோக்கியின் தட்டுகளைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே மொத்தம் 30 தட்டுகள். அவற்றின் பரப்பு முழுத் தகடு இல்லை, கம்பி வலை. அதற்கு ஊடாகவே வானம் தெரியும்.

பெரிய தட்டுக்கு முக்கிய எதிரி காற்று. முழுத் தகடு போட்டால் புயலில் பாய்மரம் மாதிரி இழுக்கும். அதைத் தாங்கச் சட்டம், மோட்டார், அஸ்திவாரம் எல்லாமே பெருக்க வேண்டும், செலவும் எகிறும். ஆனால் இங்கே பிடிக்கும் அலைகளில் மிகக் குட்டையானதே சுமார் 21 செ.மீ. அதைவிட மிகச் சிறிய ஓட்டைகளை அலை கண்டுகொள்வதில்லை. எனவே இதை வடிவமைத்த ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு 0.55 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையைப் போட்டது. வலைக்கண் நடுப்பகுதியில் 10 மி.மீ., விளிம்பில் 20 மி.மீ. விளிம்பில் படும் காற்றுதான் தட்டை அதிகம் திருப்பப் பார்க்கும். சிக்னலுக்கு விளிம்பின் பங்கோ குறைவு. கெட்டிக்காரத்தனமான பேரம்!

சரி, வடிவம்? எஃகுக் குழாயால் ஆன 16 வளைசட்டங்கள், அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கயிறுகள், அவற்றின்மேல் வலை. உண்மையில் அந்தக் குழிவு சிறு சிறு தட்டைத் துண்டுகளால் ஆனது. மில்லிமீட்டர் அலைகளுக்கு இது எடுபடாது, அங்கே தகடுதான்.