எதுவுமே இணைக்காத சேனலில் வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 16 சேனல் டேட்டா அக்விசிஷன் கார்டு (வோல்டேஜை அளந்து கணினிக்குக் கொடுப்பது) இருக்கிறது. முதல் மூன்று சேனல்களில் எல்எம்35 வெப்ப சென்சார், 0.30 வோல்ட் சரியாக வருகிறது. நான்காவது சேனல் காலி. ஆனாலும் 0.28 காட்டுகிறது. அடுத்தடுத்த சேனல்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. விற்றவர், ‘ஆஃப்செட் (பூஜ்யத்துக்கே ஓர் எண் காட்டும் பிழை) ஏறிவிட்டது, காலிபரேஷனுக்கு, அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்த, அனுப்புங்கள்’ என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் கார்டில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை.

சேனல் 16 என்றாலும் உள்ளே அளக்கும் சில்லு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு சுவிட்ச் ஒவ்வொரு சேனலாக அதன் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. பந்தியில் சாம்பார் கரண்டியைக் கழுவாமல் ரசத்தில் விட்டால் என்ன ஆகும்? அப்படித்தான், மூன்றாவது சேனலை அளந்தபோது ஏறிய மின்னூட்டம் நான்காவதுக்கும் கூடவே போகிறது. அங்கே சென்சார் இருந்தால் அந்த மிச்சத்தைத் துடைத்துவிட்டுத் தன் வோல்டேஜை வைக்கும். காலி முனையில் துடைக்க ஆளில்லை. அதனால்தான் 0.30-க்குப் பக்கத்தில் 0.28, பிறகு இறங்குமுகம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. டெலிபோன் ஒயரில் இரண்டு அங்குலம் வெட்டி, இரு நுனியிலும் தோலுரித்து, ஒரு நுனியை நான்காவது சேனலின் திருகிலும் மறுநுனியை அனலாக் கிரவுண்டு திருகிலும் முடுக்குங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டால் ஆஃப்செட் என்ற பேச்சே இல்லை. பிறகு ஒயரை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது பென்டார்ச் செல் ஒன்றை வையுங்கள், 1.5 அல்லது 1.6 வர வேண்டும். இரண்டிலும் தேறிய சேனலுக்குக் காலிபரேஷன் எதற்கு?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதே புகாருக்காக ஓர் ஆய்வகம் மூன்று மாதம் கார்டு இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டி, சான்றிதழோடு திரும்பி வந்தது. சொருகியதும் காலி சேனலில் பழைய எண்ணே வந்தது. அடுத்து, சென்சாரையும் கார்டையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசோலேட்டரை வாங்கச் சொன்னார்கள். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்று கல்லூரிகளில் கார்டை அவசரமாக வாங்குகிறோம். கையேடு ஸ்டோர் ரூம் பீரோவுக்குள் போய்விடுகிறது. அளப்பவர் கைக்கு அது வருவதே இல்லை. விற்பவர் சொல்வதே வேதமாகிவிடுகிறது. இந்த நடைமுறை மாறாதவரை எந்தக் கார்டு வாங்கியும் பயனில்லை.

இதைவிட மோசமான பழக்கம், காலி சேனலில் வந்த எண்ணை மென்பொருளில் எல்லா அளவிலிருந்தும் கழிப்பது. சென்சாரை இணைத்ததும் அந்த எண் காணாமல் போகும், கழித்தல் மட்டும் நிற்கும். மாணவர்களின் அறிக்கையில் தவறான வெப்பநிலை ஏறுவது இப்படித்தான்.

நீங்கள் கார்டின் பெயர் எழுதவில்லை, அதனால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யுஎஸ்பி-6009 பல கல்லூரிகளில் இருக்கிறது. அதில் காலி சேனல் அசையாமல் 1.4 வோல்ட் காட்டும். இது மிச்ச மின்னூட்டம் இல்லை. உள்ளேயே 2.5 வோல்ட்டிலிருந்து 30.9 கிலோ ஓம் மின்தடையும், கிரவுண்டுக்கு 39.2 கிலோ ஓம் மின்தடையும் இருக்கின்றன. பங்கு போட்டால் 1.4 வருகிறது. கையேட்டில் படமே உண்டு. இரு முனைகளின் வித்தியாசத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் முறையில் இரு முனையும் அதே 1.4-இல் நிற்பதால் பூஜ்யம் போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். இன்னொன்று: அதன் உள்ளீட்டு மின்தடை 144 கிலோ ஓம்தான். 10 கிலோ ஓம் உள்மின்தடை உள்ள மூலத்தை (வோல்டேஜ் தரும் சென்சார் அல்லது சுற்றை) நேரடியாகக் கொடுத்தால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 90 மில்லி வோல்ட் வரும். டிகிரிக்கு 10 மில்லி வோல்ட் என்ற எல்எம்35 கணக்கில் அது 9 டிகிரி! அப்படிப்பட்ட மூலத்துக்கும் கார்டுக்கும் இடையில் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் (மூலத்தின் வோல்டேஜை மாற்றாமல் கார்டுக்குக் கொடுக்கும் சில்லுச் சுற்று) வையுங்கள், தீர்ந்துவிடும்.

உங்கள் கார்டில் இப்போதைக்கு, பயன்படுத்தாத சேனல்களை மென்பொருளில் உள்ள ஸ்கேன் பட்டியலிலிருந்தே (அளக்க வேண்டிய சேனல்களின் வரிசை) எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதவற்றுக்கு அந்த இரண்டு அங்குல ஒயரே போதும்.