கூடிப் பேசுகிறோம், பிள்ளைகளின் கணக்கு மட்டும் ஏன் மாறவில்லை?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் மூன்று ஆசிரியைகள் நாங்கள். ஆளுக்கொரு பிரிவு. வாரம் ஒரு பீரியட் சேர்ந்து உட்காரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். போர்ஷன் எங்கே நிற்கிறது, வினாத்தாள் யார் எடுப்பது என்று பேசுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஓராண்டு ஆகியும் பிள்ளைகளிடம் மாற்றம் தெரியவில்லை. இது வீண்வேலையா?

பதில்: வீண்வேலை இல்லை. நீங்கள் பேசும் பொருளைத்தான் மாற்ற வேண்டும். போர்ஷன், தேதி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் முடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது மேஜைமேல் பிள்ளைகளின் நோட்டு இருக்கட்டும்.

நான் உடனிருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். மூன்று பிரிவுக்கும் ஒரே கேள்வி கொடுத்திருந்தார்கள்: 0.8, 0.35 இரண்டில் எது பெரியது? ஒரு பிரிவில் பாதிக்கு மேல் 0.35 என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆசிரியை முதலில் “கவனக்குறைவு” என்றார். நோட்டுகளைப் புரட்டியபடி பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்து “புள்ளி முப்பத்தைந்து” என்று வந்தது. பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நான் புள்ளி மூன்று ஐந்து என்றுதான் வாசிப்பேன்.” அவ்வளவுதான். முப்பத்தைந்து என்று காதில் விழுந்த பிள்ளை எட்டைவிட அது பெரியது என்று நினைத்ததில் என்ன தப்பு? பல வருடமாகத் தனியாக வகுப்பெடுத்தவருக்கு இது தெரிய வழியே இருக்கவில்லை.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். மூன்றாவது ஆசிரியையின் பிரிவில் ஏறக்குறைய எல்லோரும் சரி. இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று 0.3, 0.65 கொடுத்தார்கள். அங்கே கணிசமானவர்கள் 0.3 பெரியது என்றார்கள்! நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியது என்பது அவர்கள் கணக்கு. முதல் கேள்விக்கு வந்த சரியான விடையே தவறான காரணத்தால் வந்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துப் பேசியிருந்தால் இது கடைசிவரை வெளியே வந்திருக்காது.

சக ஆசிரியரின் திறமை நம் வகுப்புப் பிள்ளைகள்வரை போய்ச்சேரும் என்பதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பள்ளித் தரவுகளை வைத்து கிராபோ ஜாக்சனும் இலையாஸ் ப்ரூக்மனும் அதை 2009-இல் வெளியிட்டார்கள். அதே வகுப்பை நடத்தும் சகாக்கள் திறமையானவர்களாக இருந்தால் ஓர் ஆசிரியரின் மாணவர்களும் கூடுதலாகத் தேர்ச்சி காட்டுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களிடம் இந்தப் பலன் அதிகம்.

ஒரு வாரம் நோட்டைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மறுவாரத்துக்குள் மூவரும் அதைத் திருத்தும் ஒரே முயற்சியைச் செய்யுங்கள். பத்து நாள் கழித்து அதே மாதிரி வேறொரு கேள்வி கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் திருந்தியதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

முடிந்தால் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காருங்கள். ஜப்பானில் பாட ஆய்வு என்று நூறாண்டுக்கும் மேலாக இதைச் செய்கிறார்கள். பார்க்க வருபவரின் கண் ஆசிரியர்மேல் இருக்காது, பிள்ளைகள்மேல் இருக்கும். எந்த இடத்தில் பென்சில் நின்றது, யார் பக்கத்து நோட்டை எட்டிப்பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்வார்கள்.

தலைமையாசிரியரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் தெரியவருவதை எந்தப் பிரிவு மோசம் என்று கணக்குப் பார்க்கப் பயன்படுத்தக்கூடாது. அந்தப் பயம் வந்துவிட்டால் அடுத்த வாரமே நல்ல நோட்டுகளாகப் பொறுக்கிக் கொண்டுவருவார்கள். கூட்டம் மறுபடி போர்ஷன் பேச்சுக்கே போய்விடும்.

எதில் தொடங்குவது என்று யோசனையாக இருந்தால் மேலே சொன்ன இரண்டு ஜோடித் தசமங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விடையோடு “ஏன்?” என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள்.