முதல் நாளே தோழிகள் ஆகிவிடலாமா?

கேள்வி: 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் சேர்ந்ததை வைத்துச் சிறுவர் நாவல் எழுதுகிறேன். ஒரு கறுப்பினச் சிறுமியும் ஒரு வெள்ளைச் சிறுமியும் முதல் நாளே தோழிகள் ஆகிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த முதல் நாளைப் பாருங்கள். செப்டம்பர் 4. அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான எலிசபெத் எக்ஃபோர்டுக்கு 15 வயது. தானே தைத்த புது உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எல்லோரும் சேர்ந்து போக ஏற்பாடு. வீட்டில் போன் இல்லாததால் அவளுக்கு அது தெரியவே இல்லை. ஆளுநர் நிறுத்தியிருந்த படைவீரர்கள் அவளை உள்ளே விடவில்லை. பின்னாலேயே ஒரு கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. தனியாகப் போய் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம், 25-ஆம் தேதி மத்திய அரசு அனுப்பிய ராணுவத்தின் காவலோடுதான் ஒன்பது பேரும் முழு நாளும் வகுப்பில் இருக்க முடிந்தது. அவர்களோடு நட்பாகப் பேசிய வெள்ளை மாணவர்களையும் மற்றவர்கள் விட்டுவைக்கவில்லை. உங்கள் வெள்ளைச் சிறுமி "இங்கே உட்காரு" என்று ஒரு வார்த்தை சொல்ல ஐந்து அத்தியாயம் ஆகட்டும்.

கேள்வி: என் வாசகர்களுக்கு ஏழெட்டு வயதுதான். இவ்வளவு கசப்பு தாங்குமா?

பதில்: இதேபோல வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸுக்கு ஆறு வயதுதானே! 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளிக்குள் மார்ஷல்கள் (மத்திய அரசின் காவலர்கள்) அவளை அழைத்துப் போனார்கள். வெள்ளைப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட, அந்த வருஷம் முழுக்க அவளும் பார்பரா ஹென்றி டீச்சரும் மட்டுமே ஒரு வகுப்பு. பின்னால் ஒரு பையன், "உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொன்னாங்க" என்ற பொருளில் சொன்னபோதுதான் அவளுக்குக் காரணமே புரிந்தது. இதைக் குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: வசைச் சொற்களை அப்படியே எழுதலாமா?

பதில்: நான் எழுத மாட்டேன். கேட்டவள் முகத்தை எழுதுங்கள், போதும்.

கேள்வி: வெள்ளைத் தோழி கடைசியில் அவளைக் காப்பாற்றுவதுபோல முடிக்கலாமா?

பதில்: அது எனக்குப் பிடிக்காத முடிவு. தினமும் அந்த வாசலைத் தாண்டியவள் கறுப்பினச் சிறுமி, கதை அவளுடையது. கறுப்பின மாணவர்களைச் சேர்க்காமலிருக்க, 1958-59-இல் லிட்டில் ராக் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள், தெரியுமா? அப்போதுதான் நெருங்கிய இரண்டு தோழிகளுக்கு, சந்தித்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லை. நான் அந்த இடத்திலிருந்து எழுதுவேன்.