பருப்பு ஏன் வேகவில்லை?

கேள்வி: வேலை கிடைத்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எனக்கு, 24 வயது வரை அடுப்படிப் பக்கம் போன பழக்கமே இல்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று துவரம்பருப்பு, காய், புளிக்கரைசல், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டாலும், பருப்பு நறுக்கென்றே நிற்கிறது. தாளிப்பும் தினமும் கருகுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஓசூர் வாசகர்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, போடும் வரிசையில்தான் குறை. பருப்பின் உள்ளே செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அதைக் கரையவிடாது என்பதால், புளியை முதலிலேயே ஊற்றிவிட்டு விசிலைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கடின நீரில் உள்ள கால்சியமும் இதே வேலையைச் செய்யும்; ஆழ்துளைக் கிணற்று நீரில் சமைப்பவரானால், ஒரு நாள் குடிநீரில் வேகவைத்து வேறுபாட்டைப் பாருங்கள்.

அரை டம்ளர் பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீரும், சிட்டிகை மஞ்சள்தூளும், நுரை பொங்கி ஆவித்துளையை அடைக்காமலிருக்க இரண்டு சொட்டு எண்ணெயும் சேர்த்து நான்கு விசில் விடுங்கள். பருப்பு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆவி தானாக அடங்கும் முன் மூடியை நெம்பவும் கூடாது. இதற்கிடையே காயை வேறு பாத்திரத்தில் முக்கால் பதம் வேகவிட்டு, அதன் பிறகே புளிக்கரைசல், உப்பு, சாம்பார்பொடி சேர்த்து, பச்சை வாசனை போகக் கொதித்ததும் மசித்த பருப்பை ஊற்ற வேண்டும்.

தாளிப்பு கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பதற்றம். எண்ணெய் காய்ந்ததா என்றறிய ஒரே ஒரு கடுகைப் போடுங்கள்; அது உடனே வெடித்தால் மீதியைப் போடலாம். படபடப்பு ஓயும் தறுவாயில் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பைச் சேர்த்து, அது இளஞ்சிவப்பாகத் திரும்பும்போதே மிளகாய், ஈரம் துடைத்த கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். கரண்டியில் தங்கிய சூடே மீதி வேலையை முடித்துவிடும். (நான் முதன்முதலில் தாளித்த அன்று, மிளகாய் நெடி தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.)

தினம் ஒரு காணொளி பார்த்துப் புதுப் பதார்த்தம் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மாதம் சாதம், சாம்பார், ஒரு பொரியல் ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை, புழுங்கலரிசிக்கு மூன்று எனத் தண்ணீர் வைத்துத் தொடங்கி, உங்கள் அரிசிக்கு ஏற்ற அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடை மாறினால் அந்த அளவும் சற்று மாறும்.

கேள்வி: குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடச் சொல்கிறார்களே, பலன் உண்டா?
– அதே வாசகர்

பதில்: கிழங்கு உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சுவதில்லை, உப்பு கலந்த குழம்பைத்தான் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த பருப்பையும் வெந்நீரையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். குழம்பு கூடுதலாகிவிடும், இரவுக்கு ஆகும்.