டெக்சாஸில் தொகுதி மாறிப்போனவர்களுக்கு

கேள்வி: டல்லாஸ் பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். எனக்குப் போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. முதல் ஓட்டுப் போடுவதற்குள் எங்கள் வீடு வேறு தொகுதிக்குப் போய்விட்டது என்கிறார்கள். இதை எதிர்த்த பெண் உறுப்பினர் ஒருவரைச் சட்டமன்றத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்ய முடியுமா? நான் இப்போது என்ன செய்யவேண்டும்? எங்களோடு இருக்கும் தம்பி எச்-1பி விசாவில் இருக்கிறான். "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறான். அது சரியா?

பதில்: பூட்டிய கதையை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பாதி விடை இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்ட உறுப்பினர் நிக்கோல் கோலியர். ஃபோர்ட் வொர்த் நகரத்திலிருந்து டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானவர், வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சி. அந்த அவையில் 150 பேர். கோரம் என்பது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 பேர் வந்தால்தான் அவை நடக்கும். குடியரசுக் கட்சிக்கு 88 இடம், ஜனநாயகக் கட்சிக்கு 62. ஆக, சிறுபான்மையாக இருப்பவர்கள் கையில் ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு: கூட்டமாக ஊரை விட்டுக் கிளம்பிவிடுவது.

2025 ஆகஸ்ட் 3 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள். பெரும்பாலானோர் இல்லினாய் மாநிலத்துக்குப் போனார்கள். காரணம், நடுவில் வந்த தொகுதி வரைபடம். பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு எல்லை வரைவதுதான் வழக்கம். 2021இல் வரைந்ததும் இதே குடியரசுக் கட்சிதான். அந்த வரைபடத்தில், அமெரிக்க நாடாளுமன்றத்தில் டெக்சாஸுக்கு உள்ள 38 இடங்களில் 25 அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதை 30 ஆக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் தரப்பு கேட்க, ஆளுநர் கிரெக் அபாட் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார்.

வராதவர்களுக்கு நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம், கூடவே வாரண்ட். இது குற்றவியல் வாரண்ட் இல்லை. ஆளைப் பிடித்து அவையில் கொண்டுவந்து விடலாம், சிறையில் போட முடியாது, மாநில எல்லையைத் தாண்டியும் செல்லாது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை, போதுமான பேர் திரும்பி வந்து கோரம் சேர்ந்தது. அங்கேதான் அவைத் தலைவர் டஸ்டின் பர்ரோஸ் புது நிபந்தனை ஒன்றைச் சொன்னார். திரும்பி வந்தவர்கள் வெளியே போகவேண்டுமானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். புதன்கிழமை மறுபடி வந்து சேரும்வரை மாநிலக் காவலர் ஒருவர் கூடவே இருப்பார். மற்றவர்கள் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கோலியர் மறுத்தார். இரவு முழுக்க அவையில் தன் நாற்காலியிலேயே இருந்தார். மறுநாள் கையெழுத்துப் போட்ட சிலர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

நம் ஊர்ச் சட்டமன்றங்களில் எதிர்ப்பவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடுவதைத்தான் பார்த்திருக்கிறோம். டெக்சாஸில் தலைகீழ்.

அப்படிச் செய்ய முடியுமா என்றால், பாதி முடியும். டெக்சாஸ் அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, வராத உறுப்பினர்களை வரவழைக்கும் அதிகாரத்தை அவைக்கே தருகிறது. 2021இல் இதேபோல ஒரு கூட்டம் வாஷிங்டனுக்குப் போனபோது, உடல்பலத்தைக் கொண்டும் வரவழைக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கோலியர் தானாகவே வந்தவர். அவர் உட்கார்ந்திருந்தபோது கோரமும் இருந்தது. அதற்குப் பிறகும் ஒருவர் பின்னால் போலீஸ் நடக்கலாமா என்பது வேறு கேள்வி. அதைத்தான் அவர் ஆட்கொணர்வு மனுவாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் 20ஆம் தேதியே வரைபட மசோதா 88க்கு 52 என்று நிறைவேறிவிட்டது. என் கருத்தைக் கேட்டால், வரவழைக்கும் அதிகாரத்துக்குள் வீட்டுக்குப் போகிறவரைக் கண்காணிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்று வாதாடுவது கடினம்.

மேலவையில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. ஹூஸ்டனைச் சேர்ந்த செனட்டர் கேரல் அல்வராடோ இரவெல்லாம் பேசி மசோதாவைத் தாமதப்படுத்தத் தயாரானார். டெக்சாஸில் அப்படிப் பேசுகிறவர் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது. அவர் அந்தப் பேச்சைச் சொல்லி நிதி கேட்டார் என்று புகார் கிளப்பி, விவாதத்தையே முடிக்கத் தீர்மானம் கொண்டுவந்து, ஆரம்பிக்கும் முன்பே மூடிவிட்டார்கள். அவையில் எப்படிப் பேச வேண்டும் என்ற விதியைப் பெரும்பான்மைதான் எழுதுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் தூரம் போனது டென்னசி. 2022இல் நாஷ்வில் நகரத்தை மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளாக உடைத்தார்கள். மறு வருடம் ஏப்ரலில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்டு அவைக்குள் கோஷம் போட்டதற்காக ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு இளம் உறுப்பினர்களைப் பதவியை விட்டே நீக்கினார்கள். ஒரு வாரத்துக்குள் அவரவர் ஊரின் உள்ளாட்சி மன்றம் அதே இருக்கைக்கு அவர்களையே திருப்பி அனுப்பியது தனிக்கதை. வார்த்தைக்காகத் தண்டிப்பதற்கு எல்லை உண்டு என்று 1966இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்த ஜூலியன் பாண்டுக்கு ஜார்ஜியா சட்டமன்றம் இருக்கை தர மறுத்தபோது, ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஜெர்ரிமேண்டரிங் என்ற இந்த வேலைக்கு இரண்டு உத்திதான். எதிர்க்கட்சி ஆதரவாளர்களை ஒரே தொகுதியில் திணித்து அடைப்பது ஒன்று, பல தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடிப்பது மற்றொன்று. நாஷ்வில் சிதறடித்ததற்கு உதாரணம். ஆஸ்டினில் அடைத்தார்கள்: கிரெக் கசார், லாய்ட் டாகெட் என்ற இரண்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் ஆதரவு வட்டாரங்களிலிருந்து ஒரே ஒரு பாதுகாப்பான தொகுதியை, 37ஐ, உருவாக்கினார்கள். டாகெட் ஒதுங்கிக்கொண்டார்.

நீதிமன்றம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கட்சி லாபத்துக்காக எல்லை வரைவது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று கைகழுவிவிட்டது. இனத்தை வைத்து வரைந்தால் மட்டும் தப்பு. அதனால்தான் எல்லா வழக்கிலும் ஒரு தரப்பு "இனம்" என்று சொல்லும், மறுதரப்பு "ஐயோ, வெறும் கட்சிதான்" என்று சத்தியம் செய்யும். கட்சிக்காகத்தான் செய்தோம் என்பதே தற்காப்பு வாதமாகிற வினோதம் வேறு எங்கும் பார்க்க முடியாது. 2025 நவம்பரில் டெக்சாஸின் எல் பாசோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் இனம்தான் என்று சொல்லி வரைபடத்தை நிறுத்தியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆகவே 2026 தேர்தல் புது எல்லையில்தான்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. டெக்சாஸ்காரர்கள் அடைக்கலம் புகுந்த இல்லினாயின் வரைபடமும் ஜனநாயகக் கட்சி தனக்கு வசதியாக வளைத்து நெளித்ததுதான். கலிஃபோர்னியாவும் பதிலடியாக 2025 நவம்பரில் மக்கள் ஓட்டெடுத்துத் தன் எல்லைகளை மாற்றிக்கொண்டது. இந்தியாவில் தொகுதி மறுவரையறைச் சண்டை எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றியது. கோடு போடுவது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். டெக்சாஸில் அந்த எல்லையால் லாபமடையும் கட்சியே கோடு போடுகிறது.

நீங்கள் செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. மாவட்டத் தேர்தல் அலுவலகம் தபாலில் அனுப்பும் வாக்காளர் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் தொகுதி எண்கள் இருக்கும். பழைய அட்டையை நம்ப வேண்டாம். மாநிலச் செயலாளரின் வாக்காளர் தளத்தில் உங்கள் பதிவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு, முகவரி மாற்றம் எல்லாம் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். குடியுரிமை விழாவில் படிவம் நிரப்பிக் கொடுத்தேன், போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், பிரைமரியை விடாதீர்கள். இப்படி வரைந்த தொகுதிகளில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சடங்குதான், உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் இருக்கிறது. டெக்சாஸில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யத் தேவையில்லை. எந்தக் கட்சியின் பிரைமரி என்று வாக்குச்சாவடியில் சொன்னால் போதும். ஆனால் ஒன்றில் போட்டுவிட்டால் மற்றதன் மறுசுற்றில் போட முடியாது. உங்களுக்குப் பிடித்த கட்சி அங்கே தேறாது என்று தெரிந்தால், தேறும் கட்சியின் பிரைமரியில் யார் வரலாம் என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை.

வரைபடம் பற்றிச் சட்டமன்றக் குழு விசாரணை நடந்தால் எழுத்தில் ஏதாவது கொடுங்கள். 2025 ஜூலையில் ஆஸ்டின், ஹூஸ்டன், ஆர்லிங்டன் மூன்று ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், வரைபடத்தைக் காட்டாமலேயே! பெண் பார்க்கக் கூப்பிட்டுவிட்டுப் பெண்ணைக் காட்டாத கதைதான். ஆனாலும் அன்று சொன்னதெல்லாம் பதிவில் நிற்கிறது, வழக்கு வந்தால் வக்கீல்கள் புரட்டுவது அந்தப் பதிவைத்தான். கோலியர் நாற்காலியிலேயே தூங்கியதும் கிட்டத்தட்ட அதற்காகத்தான். ஓட்டெண்ணிக்கை மாறாது என்று அவருக்கும் தெரியும்.

உங்கள் தம்பி சொல்வது சரியில்லை. தொகுதிக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போடும்போது வாக்காளர்களை மட்டுமல்ல, மொத்த மக்களையும் எண்ணுகிறார்கள். அது செல்லும் என்று 2016இல் டெக்சாஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் தெருவில் எச்-1பியில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தொகுதியின் எடையில் ஒரு பங்கு. உங்கள் தம்பி தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், விசாரணையில் பேசலாம். தேர்தல் நிதி கொடுக்கக் கூடாது, அது கிரீன் கார்டு வந்த பிறகுதான். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா?" என்று படிவத்தில் ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அதில் "ஆம்" போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவர் பதிந்தால் அது குற்றம், விசாவும் போகும், நாடு கடத்தும் வரை கொண்டுபோகும். ஏற்கெனவே தவறிப் போட்டிருந்தால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் வேறு எந்தப் படிவத்திலும் கைவைக்க வேண்டாம்.