மழையில் மங்கும் கண்ணாடி, மார்கழியில் கிடைக்கும் தள்ளுபடி

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். மழை பெய்தால் முன் கண்ணாடி மங்கிவிடுகிறது. எந்தப் பட்டனைத் தொடுவது என்றே பிடிபடவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட குட்டிச் சக்கரம் எதற்கு? அடுத்த கார் 10 லட்சத்தை ஒட்டி வாங்க எண்ணம். டிசம்பர் தள்ளுபடியில் எடுக்கலாமா, ஜனவரி வரை பொறுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: டேஷ்போர்டில், கார் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்புவது போல் வரைந்த பட்டன் இருக்கும். அதுதான் ரீசர்குலேஷன். அதன் விளக்கு எரிந்தால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். வெயிலில் சீக்கிரம் குளிரும் என்பதற்காகப் பலர் வருடம் முழுக்க அதை அணைப்பதே இல்லை. மழையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: நனைந்த துணி, நான்கு பேர் மூச்சு, ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் படிகிறது.

முதலில் வைப்பரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மங்கல் போகவில்லை என்றால் அது உள்பக்கம். ரீசர்குலேஷனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். ஏசியைப் போடுங்கள், குளிராக இருந்தாலும் சரி. ஏசி காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். காற்றின் திசையை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ப்ளோயரைக் கூட்டி, வெப்பக் குமிழைச் சற்றே சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியும். வைப்பர் ஓட்டியதும் மங்கல் மறைந்து மறுபடி வந்தால் அது வெளிப்பக்கம். கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. அப்போது குளிர்காற்றைக் கண்ணாடி மீது விடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் தெளியவில்லையா? காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். துடைத்தாலும் பிசுபிசுப்பாக ஒரு படலம், கூடவே இனிப்பு வாடை என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஹீட்டரில் கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எண் சக்கரம் ஹெட்லைட்டின் உயரத்துக்கு. பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கி, வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். முன் சீட்டில் மட்டும் ஆள் என்றால் 0. ஐந்து பேர் என்றால் 1. கூடவே டிக்கி நிறையச் சாமான் என்றால் 2. டிரைவரும் டிக்கி நிறையப் பாரமும் என்றால் 3. மாடலுக்கு மாடல் சற்று மாறும் என்பதால் மேனுவலில் ஒரு முறை சரிபாருங்கள். காலியான காரில் 2-இல் விட்டுவிட்டு “லைட் வெளிச்சமே இல்லை” என்று பல்பை மாற்றுபவர்கள் நிறையப் பேர்.

இனி கார். ஜனவரி 1 பிறந்ததும் டீலரின் யார்டில் (வண்டி நிறுத்தும் இடம்) நிற்கும் வண்டி ‘போன வருட மாடல்’ ஆகிவிடும் என்பதால்தான் டிசம்பரில் இறக்கிக் கொடுக்கிறார்கள். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி-யில் பதிவாகும், விற்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஒன்பது வருடம் ஓட்டும் ஆள், அதற்குள் அந்த ஒரு வருட வித்தியாசம் கரைந்துவிடும். டிசம்பரிலேயே எடுங்கள். மூன்று, நான்கு வருடத்தில் மாற்றுபவர் பொறுக்கலாம். ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் ஜனவரியில் விலையை ஏற்றும். அந்த மாதத் தொடக்கத்தில் கைக்கு வருவதும் பெரும்பாலும் டிசம்பரில் தயாரித்த வண்டிதான். அதை முழு விலைக்கு வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம்.

மார்கழியில் வண்டி எடுக்க வீட்டில் தயங்கினால், டிசம்பருக்குள் பில் போட்டுவிட்டுத் தை பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம். இன்சூரன்ஸ் நாள் மட்டும் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும்.

தள்ளுபடியைவிட உங்கள் பட்ஜெட்டில் பெரிய விஷயம் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13%, அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18%. 9.90 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்சம் காருக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது! சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேலே போகும் முன் இதைக் கூட்டிப் பாருங்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் பிடித்துக் கட்டும் 1% வரியான டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். “மொத்தம் 60,000 தள்ளுபடி” என்றால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் இருந்தால், பழைய வண்டியை அவர்களிடமே கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ரீசர்குலேஷனும் மங்கலைப் போக்கும் டீஃபாக்கரும் தனிப் பட்டனா, தொடுதிரைக்குள் புதைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். மழையில் மெனு தேட முடியாது.

பணம் முழுதும் கட்டும் முன் யார்டில் அந்த வண்டியையே காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும்: 2025 என்றால் S, 2026 என்றால் T. டயரில் 4125 என்றிருந்தால் 2025-இன் 41-வது வாரம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரிதான் முதலில் படுக்கும். அதைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். எல்லாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே முடிய வேண்டும். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் வேறு வண்டி மாற்றித் தர ஷோரூம் லேசில் சம்மதிக்காது.