சிறுநீர் வாடையில் புற்றுநோய் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, பல வருடமாக பீடி பழக்கம். கொஞ்ச நாளாக அவர் சிறுநீரில் ஒரு மாதிரி வாடை. போன மாதம் இரண்டு தடவை சிவப்பாகப் போய், வலி எதுவும் இல்லாமல் தானாகவே சரியாகிவிட்டது. சிறுநீரை மோந்தே நாய் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் என்று வீடியோவில் பார்த்தேன். அந்த டெஸ்ட் எங்கே எடுக்கலாம் டாக்டர்?

பதில்: வீடியோவில் சொன்னது பொய் இல்லை. புற்றுநோய் வந்தால் சிறுநீரில் எளிதில் ஆவியாகும் சில சேர்மங்களின் அளவு மாறும், அதைத்தான் நாய் மோந்து பிடிக்கிறது. இங்கிலாந்தில் அமர்ஷம் மருத்துவமனைக் குழு ஆறு நாய்களைப் பழக்கி, ஒவ்வொரு தடவையும் ஏழு சாம்பிள்களை வைத்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவருடையது எது என்று காட்ட வைத்தது. 2004-ல் முடிவு வெளியானது: 54 தடவையில் 22 சரி. குருட்டாம்போக்கில் தொட்டிருந்தால் எட்டுதான் தேறும், ஆக நாய்க்கு ஏதோ தெரிகிறது. இதில் ஒரு கூத்து, நோய் இல்லாதவர் என்று சேர்த்த ஒருவருடைய சாம்பிளையே நாய்கள் விடாமல் காட்ட, அவரை மறுபடி பரிசோதித்தால் சிறுநீரகத்தில் புற்றுநோய்! ஆனாலும் பாதிக்கு மேல் தவறவிட்ட டெஸ்ட்டை நம்பி நான் யாருக்கும் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் நாய்க்குப் பதில் புழுவின் மோப்பத்தை வைத்துச் செய்யும் சிறுநீர் டெஸ்ட்டைக் காசுக்கே விற்கிறார்கள், அதன் துல்லியம் பற்றி அங்கேயே சர்ச்சை.

நீங்கள் உணர்ந்த வாடை வேறு விஷயம். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், கிருமித்தொற்று இருந்தாலும், பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டாலும் வாடை மாறும்.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தச் சிவப்புதான். இந்த வயதில், அதுவும் பீடி குடிப்பவருக்கு, வலியில்லாமல் ரத்தம் போனால் அது வேறென்று நிரூபணமாகும்வரை சிறுநீர்ப்பைப் புற்றுநோயாக இருக்குமோ என்றுதான் நாங்கள் பார்ப்போம். ஒருநாள் போய் நின்றுவிடுவதும் அந்த நோயின் வழக்கம்தான், நின்றதை வைத்து நிம்மதியாகாதீர்கள். பீட்ரூட் சாப்பிட்டது, சூடு என்று நீங்களாகவே காரணம் கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

இந்த வாரமே யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை நோய் மருத்துவர்) கூட்டிப்போங்கள். யூரின் டெஸ்ட், ஸ்கேன், அப்புறம் சிஸ்டோஸ்கோபி சொல்வார்கள். மெல்லிய குழாய் கேமராவைச் சிறுநீர் வரும் வழியாகவே விட்டுப் பார்ப்பது. பெயரைக் கேட்டு அப்பா முரண்டு பிடிக்கலாம், மரத்துப்போகிற ஜெல் போட்டுத்தான் செய்வார்கள், பெரும்பாலும் சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் போடுகிறாரா என்பதையும் மறக்காமல் அங்கே சொல்லிவிடுங்கள்.